எட்டாவது முனை

ஓய்வு பெற்ற பிறகும் என்னை மறக்காதவர்கள் இரண்டு வகையினர். ஓய்வூதியம் தரும் அரசாங்கம் ஒன்று. நான் உயிரோடு இருக்கிறேனா என்று வருடத்துக்கு ஒரு முறை கடுதாசி போட்டு விசாரிக்கிறது. மற்றவர்கள் தனியார் ஆய்வுகூடம் நடத்துபவர்கள். நான் உயிரோடு இருப்பது இவர்களுக்குப் போதாது. கையெழுத்துப் போடக்கூடிய நிலையிலும் இருக்க வேண்டும்.

முப்பத்தைந்து வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் ஆய்வுகூடங்களில் வேலை செய்தவன் நான். இரத்தத்தை அளந்த நாட்களை விட, இரத்தத்தை அளக்கும் கருவிகளை அளந்த நாட்களே அதிகம். தராசைச் சோதிப்பது, வெப்பமானியைச் சோதிப்பது, சொட்டளக்கும் பைப்பெற்றைச் சோதிப்பது, சோதித்தவரைச் சோதிப்பது என்று எல்லாவற்றுக்கும் நடைமுறை எழுதி, கோப்பில் போட்டு, இலக்கமிட்டு, அலுமாரியில் பூட்டி வைத்தேன். அலுமாரிச் சாவி எங்கே இருக்கும் என்பதற்கு மட்டும் நடைமுறை எழுதாமல் ஓய்வு பெற்றுவிட்டேன். இன்னும் தேடுகிறார்கள் என்று கேள்வி.

சென்ற வைகாசியில் ஒரு காலை தொலைபேசி அடித்தது.

"சேர், ஒரு கையெழுத்துத்தான். அரை மணித்தியால வேலை. நானே கார் அனுப்புறன்."

பேசியவர் இருபது வருடம் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் ரியூசன் நடத்தியவர். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் கேற்றடியில் நின்று தங்கள் சீனி வருத்தத்தையும் பிரசரையும் பற்றியே கதைப்பதை நெடுங்காலம் கவனித்து, பிள்ளைகளை விடப் பெற்றோரே நம்பிக்கையான வாடிக்கையாளர் என்று முடிவெடுத்து, பஸ் நிலையத்துக்குக் கிட்ட மாடியில் ஓர் ஆய்வுகூடம் திறந்தார். அங்கே வெளிநாட்டிலுள்ள மச்சான் அனுப்பிய தானியங்கிப் பைப்பெற் இயந்திரம் ஒன்று உண்டு. எட்டு முனைகள் வைத்த ஒரு கை. அது ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறு பிளாஸ்ரிக் குழாயைத் தானே கொளுவிக்கொள்ளும். எட்டு நோயாளரின் இரத்த மாதிரியை ஒரே இழுவையில் எடுக்கும். ஒவ்வொன்றிலும் நூறு மைக்ரோலீற்றர், அதாவது ஏறத்தாழ இரண்டு சொட்டு, ஒரு தட்டிலுள்ள குழிகளில் விடும். குழாய்களைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த எட்டுப் பேரிடம் போகும். களைக்காது, கதைக்காது, லீவு கேட்காது. முதலாளிமார் மனிதரிடம் எதிர்பார்த்து ஏமாந்த எல்லாம் அதனிடம் இருந்தன.

பிரச்சினை பருத்தித்துறையிலிருந்து வந்தது. அந்த ஊர் ஆசிரியை ஒருவர் தைரொயிட் சோதனைக்கு இரத்தம் கொடுத்தார். முடிவு எல்லாம் அளவாக இருக்கிறது என்றது. மருத்துவரும் மருந்தைக் கூட்டவில்லை. ஆசிரியை ஒரு நாள் பிள்ளைகளைப் பாடத்தை எழுதச் சொல்லிவிட்டு மேசையில் தலை சாய்த்தார். இடைவேளை மணி அடித்தும் எழும்பவில்லை. இன்னொரு ஆய்வுகூடத்தில் சோதித்தபோது மருந்து போதவே போதாது என்று வந்தது. அவர் இரண்டு தாள்களையும் கொண்டுவந்து, காத்திருந்த நோயாளர் எல்லோருக்கும் கேட்கும்படி, வகுப்பில் வாசிக்கும் குரலில் வாசித்துக் காட்டினார். அந்த மாதத்திலேயே இன்னும் மூன்று பேர் இதே மாதிரி முறைப்பாட்டுடன் வந்தார்கள்.

"மெசின் பிழைக்காது சேர்," என்றார் முதலாளி. "கொழும்பிலையிருந்து கொம்பனி எஞ்சினியர் வந்து பச்சை ஸ்டிக்கர் ஒட்டிப்போட்டுப் போனவர். அப்ப பிழை ஆளிலைதானே? ஆனால் மெசினை ஓட்டுற பிள்ளை ஒத்துக்கொள்ளுறா இல்லை. நீங்களும் ஒருக்காப் பாத்து, மெசின் சரியெண்டு எழுதித் தந்தியளெண்டால் நான் கடிதத்தைக் குடுத்திடுவன்."

கடிதம் ஏற்கெனவே அடித்து அவருடைய மேசையில் இருந்தது. இயந்திரத்தை இயக்கும் தொழில்நுட்பவியலாளர், ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இருப்பவர், தொடர்ச்சியான கவனக்குறைவு காரணமாக நிறுத்தப்படுகிறார் என்று தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டினார். இந்தத் தொழிலில் கவனக்குறைவு என்று எழுதிய கடிதத்தோடு ஒருவர் வேறெந்த ஆய்வுகூடத்தின் படியும் ஏற முடியாது. ஆக, என்னை அழைத்தது இயந்திரத்தைச் சோதிக்க அல்ல. தூக்குக் கயிறு உறுதியானது என்று சான்றிதழ் கொடுக்க.

"போய்ட்டு வாங்கோ," என்றாள் மனைவி. "நிண்டால் என்ரை மிளகாய்த்தூளை நிறுத்துக்கொண்டு நிப்பியள்."

எங்கள் வீடு இருக்கும் அரியாலையிலிருந்து காரில் பத்து நிமிடம். நான் என்னுடைய நிறைப்படிகளை, அதாவது தராசைச் சோதிக்கும் எடைக் கற்களை, வெல்வெட் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆய்வுகூடத்தின் வரவேற்பறையில் அந்த இயந்திரத்தின் திறப்பு விழாப் படம் பெரிதாகச் சட்டம் போட்டுத் தொங்கியது. மூன்று மாதத்துக்கு முன் நடந்த அந்த விழாவின் பிரதம விருந்தினர் நான்தான். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மெதடிஸ்த சபையைச் சேர்ந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தில் பிரதம விருந்தினருக்குச் சமயம் கிடையாது. நாடாவைத் தந்தால் வெட்டுவார், திரியைத் தந்தால் ஏற்றுவார். நானும் கையில் தந்த எல்லாவற்றையும் கொண்டு செய்ய வேண்டியதைச் செய்தேன். படத்தில் நான் இயந்திரத்துக்கு முன்னால் வலது கையை நீட்டியபடி, ஞானஸ்நானம் கொடுக்கும் போதகரைப் போல நிற்கிறேன். நன்றாக விழுந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

தொழில்நுட்பவியலாளர் நாற்பதைத் தாண்டிய பெண். வவுனியாவில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். தாயைப் பார்க்க ஆளில்லை என்று தென்மராட்சிக்குத் திரும்பி வந்து, மோட்டார் சைக்கிளில் தினமும் பட்டணத்துக்கு வருகிறார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"சேர்தான் கையெழுத்துப் போட வந்தனீங்களோ?"

"சோதிக்க வந்தனான் பிள்ளை."

"எஞ்சினியரும் முதல் உப்பிடித்தான் சொன்னவர்."

பிறகு ஒரு கொப்பியை என் முன் வைத்தார். முறைப்பாடு செய்த நான்கு பேரின் மாதிரிகளும் அன்றன்று எந்த வரிசை இலக்கத்தில் வைக்கப்பட்டன என்று எழுதியிருந்தார். ஆசிரியை இருபத்து நான்கு. மற்றவர்கள் எட்டு, நாற்பது, பதினாறு.

"வாய்ப்பாடு தெரிஞ்சால் காணும் சேர்," என்றார். "எல்லாம் எட்டாம் வாய்ப்பாடு. ஒவ்வொருக்காலும் எட்டாவது முனை எடுத்த ஆள். எங்கடை சேர் பௌதிகம் படிப்பிச்சவர். அவருக்கு ரெண்டு தரம் காட்டினனான். 'தற்செயல்' எண்டார்."

"தினமும் தெரிஞ்ச அளவுள்ள மாதிரி ஒண்டு வைச்சுப் பாக்கிறேல்லையோ?"

"வைக்கிறம். முதலாவது இடத்திலை. கொம்பனிப் புத்தகம் அப்பிடித்தான் சொல்லுது. முதலாவது முனை எப்பவும் சரி."

நான் தலையாட்டினேன். சரிபார்க்கும் மாதிரியை முதலாவது இடத்தில் வைக்க வேண்டும் என்று நானும் என் காலத்தில் ஒரு நடைமுறை எழுதியிருக்கிறேன். அது அந்த அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.

பைப்பெற்றின் அளவைச் சோதிப்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அது விடும் தண்ணீரை நிறுக்க வேண்டும். தண்ணீரின் சூட்டுக்கேற்ற சிறு திருத்தத்தைச் சேர்த்தால் கனவளவு வரும். நூறு மைக்ரோலீற்றர் என்றால் ஏறத்தாழ நூறு மில்லிகிராம். இதில் கடினமானது தண்ணீர் அல்ல, சுற்றியுள்ள மனிதர்கள். இந்த அளவு நிறைக்குத் தராசு மூச்சுக் காற்றையும் நிறுக்கும். ஆகவே முதலில் காற்றாடியை நிறுத்தச் சொன்னேன். பிறகு ஏசியை. பிறகு யன்னலை. பிறகு கதவை.

"சேர், வைகாசி வெயில்," என்றார் முதலாளி.

"தராசுக்கு வேர்க்காது," என்றேன்.

தராசிலும் ஒரு பச்சை ஸ்டிக்கர் இருந்தது. அதை நம்பாமல் என்னுடைய நிறைப்படிகளை வைத்துப் பார்த்தேன். தராசு நல்ல தராசுதான். ஆனால் கீழே வீதியில் பஸ் போகும்போதெல்லாம் அதன் கடைசி இரண்டு இலக்கங்களும் கோயில் மேளம் கேட்ட பிள்ளைகளைப் போல ஆடின. ஆகவே ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வருவதற்கிடையில் நிறுத்தோம். தனியார் பஸ்ஸும் அரசாங்க பஸ்ஸும் ஒன்றையொன்று முந்தும் ஊரில் அந்த இடைவெளி மிகச் சிறியது.

மூடியுள்ள எட்டுச் சிறு குப்பிகளுக்கு இலக்கமிட்டு வெறுமையாக நிறுத்து, முனைக்கு ஒன்றாக வைத்து, இயந்திரத்தைத் தண்ணீர் விடச் சொல்லி, மூடி, மீண்டும் ஒவ்வொன்றாக நிறுத்தோம். அந்தப் பெண் வாசித்தார், நான் எழுதினேன். முதலாளி கதிரையில் இருந்து கடிதம் வைத்த கோப்பால் விசிறிக்கொண்டிருந்தார். தராசின் இலக்கங்கள் ஓடத் தொடங்கின.

"ஃபைலைக் கீழை வையுங்கோ."

வைத்தார். ஒரு சுற்று முடிந்தது.

"சரியே சேர்? சைன் பண்ணுவமே?"

"பத்துத் தரம் செய்ய வேணும்."

"பத்தோ? எட்டுப் பத்து எண்பது! எஞ்சினியர் கால் மணித்தியாலத்திலை முடிச்சுப்போட்டு வடை சாப்பிட்டவர். எட்டையும் ஒரு பாத்திரத்திலை ஒண்டாய் விட்டு, நிறுத்து, எட்டாலை பிரிச்சவர். கெட்டித்தனமான வேலை."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. சிரித்தால் தராசு ஆடும்.

எண்பது நிறுவைகள் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. முதலாளியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதல் ஏழு முனைகளும் நூறுக்கு மேலேயும் கீழேயும் ஒன்றுக்குக் குறைவான வித்தியாசத்தில் விட்டிருந்தன. எட்டாவது முனை அறுபத்தொன்று விட்டது, எழுபது விட்டது, ஐம்பத்தெட்டு விட்டது. பத்துத் தடவையும் சேர்த்துச் சராசரி அறுபத்து நான்கு. ஒருவரின் இரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே தங்கிவிட்டால், மருந்து போதாதவரிடம் ஏறியிருக்க வேண்டிய எண்ணும் அந்த அளவுக்குக் குறைந்துதான் தெரியும். மேசையில் தூங்கிய ஆசிரியை அளவானவர் ஆன கதை இதுதான்.

எஞ்சினியரின் தாளை வாங்கி, என் எண்களை அவர் முறைப்படி கணக்குப் பார்த்தேன். எட்டு முனைகளின் சராசரி தொண்ணூற்றைந்தரை. கொம்பனித் தாள் நூற்றுக்கு ஐந்து வரை மன்னிக்கிறது. இயந்திரம் சித்தி.

"பாத்தியளே!" என்றார் முதலாளி. "பாஸ்!"

"ஏழு முனைதான் பாஸ். எட்டாவது படு பெயில்."

"சேர், எட்டுப் பேரிலை ஏழு பேர் நூறு எடுத்தால் அது யாழ்ப்பாணத்திலையே திறம் வகுப்பு. நான் அதுக்குப் போஸ்ரர் அடிச்சு ஒட்டியிருப்பன்."

"அந்தக் கடைசி வாங்கிலை இருந்தது பருத்தித்துறை ரீச்சர்," என்றார் அந்தப் பெண். "அவவுக்குப் போஸ்ரரிலை படம் வராது சேர்."

ஏன் என்று பார்க்க வேண்டியிருந்தது. இயந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்தி, கையின் அடியில் ரோச் அடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். ஏழு முனைகளும் பளிச்சென்று இருந்தன. எட்டாவது முனையின் கழுத்தில், பிளாஸ்ரிக் குழாய் வந்து இறுக வேண்டிய இடத்தில், மஞ்சள் கலந்த கபில நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதனால் குழாய் இறுகவில்லை. இடைவெளியால் காற்றுப் போனது. காற்றுப் போன அளவுக்கு மாதிரி குறைந்தது. ஒரு குச்சியால் சுரண்டி எடுத்து மணந்து பார்த்தேன்.

சந்தனம். பன்னீரில் கரைத்த, நல்ல சந்தனம்.

இயந்திரக் கையின் முன்பக்கத்தில், எட்டாவது முனைக்கு நேர் மேலே, மங்கிப்போன வட்டமான கறை ஒன்று இருந்தது. காலையிலிருந்து எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

"ஓ, அது திறப்பு விழாப் பொட்டு," என்றார் முதலாளி. "மங்களத்துக்கு வைச்சது."

"துடைக்கட்டோ எண்டு அடுத்த நாளே கேட்டனான்," என்றார் அந்தப் பெண். "'அபசகுனம், தானாய் உதிரட்டும்' எண்டு எங்கடை சேர்தான் சொன்னவர். ஆனால் அது கீழை ஒழுகினதை நானும் காணேல்லை. அடியிலை பாக்கச் சொல்லிப் புத்தகத்திலை இல்லை."

முறைப்படி நான் கேட்க வேண்டிய அடுத்த கேள்வியைக் கேட்டேன். முப்பத்தைந்து வருடம் கேட்டுப் பழகிய கேள்வி.

"இதை வைச்சது ஆர்?"

கீழே ஒரு பஸ் போனது. எனக்கு வரவேற்பறைப் படம் நினைவுக்கு வந்தது. அதில் என் வலது கை ஏன் நீண்டிருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது.

ஒரு சைவக்காரர் என்றால் மோதிர விரல் நுனியால் தொட்டு, கடுகளவு பொட்டு, இயந்திரத்தின் வெளி மூடியில் வைத்துவிட்டுப் போயிருப்பார். குழந்தையிலிருந்து பழகிய கை. நானோ வாழ்நாளில் எனக்கோ எந்தப் பொருளுக்கோ சந்தனம் வைத்ததில்லை. கிண்ணத்தை நீட்டியபோது மறுத்தால் இந்துக்களை அவமதித்ததாகும் என்று பயந்து, குறைவாக வைத்தால் மனமில்லாமல் வைத்ததாக நினைப்பார்களே என்றும் பயந்து, நடுவிரல் முழுவதையும் தோய்த்து, கண்ணுக்கு எதிரே தெரிந்த இயந்திரக் கையில் அப்பினேன். எல்லோரும் கைதட்டினார்கள். சமய ஒற்றுமைக்கு நான் செய்த அந்தத் தொண்டு மெதுவாக ஒழுகிக் கீழே இறங்கியிருக்கிறது.

"சேர் வைச்சதுதான்," என்றார் அந்தப் பெண். "காலமை கண்டவுடனை சொல்லுவமோ எண்டு யோசிச்சன். பேந்து, சேர் நடைமுறைப்படி தானாய்க் கண்டுபிடிக்கட்டும் எண்டு விட்டன்."

முதலாளி மனிதாபிமானி. உடனே என் உதவிக்கு வந்தார்.

"சேர், சந்தனம் கிந்தனம் எண்டெல்லாம் எழுத்திலை போட வேண்டாம். உங்கடை பேருக்கும் கூடாது, எங்கடை பேருக்கும் கூடாது. 'முனையில் தூசி படிந்திருந்தது' எண்டு போடுங்கோ. தூசி எங்கையும் இருக்கிறதுதானே."

உண்மையைச் சொன்னால், எனக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. தூசி எவருக்கும் சொந்தமில்லாதது; பிரதம விருந்தினர் கையால் வருவதில்லை. பேனையைத் திறந்து "முனையில்" என்று எழுதியும் விட்டேன்.

"தூசி எண்டு போட்டால்," என்றார் அந்தப் பெண், குரலை உயர்த்தாமல், "தூசி துடைக்கிற தாளிலை ஒவ்வொரு நாளும் கையெழுத்துப் போட்டது நான். அப்ப கடிதம் சரிதானே சேர்? திகதியை மட்டும் மாத்தினால் காணும்."

முதலாளி யன்னலைப் பார்த்தார். மூடியிருந்த யன்னல்.

மற்றவர்களின் பிழைகளை எத்தனையோ அறிக்கைகளில் நான் தயங்காமல் எழுதியிருக்கிறேன். ஒரு முறை, வெப்பமானியைத் தலைகீழாக வைத்த ஒருவரின் பெயரை மூன்று பிரதிகளில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். அந்த மனிதர் பிறகு வீதியில் என்னைக் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்புவார். அவருடைய முகம் அன்று ஞாபகம் வந்தது; அதனால் எழுதினேன் என்று சொன்னால் என்னை நானே புகழ்வதாகும். அந்தப் பெண் என் பேனை முனையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்க்கும்போது பொய் எழுதும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. அவ்வளவுதான்.

இப்படி எழுதினேன்: "எட்டாவது முனையில் காய்ந்த சந்தனம் படிந்திருந்ததால் அளவு குறைந்தது. சந்தனத்தை இட்டவர் இந்த அறிக்கையை எழுதுபவர். அதைத் துடைக்க இயக்குபவர் அனுமதி கேட்டபோது மறுக்கப்பட்டது. இயக்குபவரின் வேலையில் பிழை காணப்படவில்லை. பிழையை முதலில் கண்டவர் அவரே." கீழே பெயர், பட்டம், ஓய்வு பெற்ற பதவி, கையெழுத்து.

முதலாளி இரண்டு தரம் வாசித்தார். "'மறுக்கப்பட்டது' எண்டதை மட்டும் கொஞ்சம் மெதுவாய்ப் போடேலாதோ?"

"செயப்பாட்டு வினை," என்றேன். "இதை விட மெதுவாய்த் தமிழிலை இல்லை."

அந்தப் பெண் மதுசாரத்தில், அதாவது ஸ்பிரிற்றில், நனைத்த துணியால் எட்டாவது முனையைத் துடைத்தார். மீண்டும் காற்றாடியை நிறுத்தி, மீண்டும் பத்துத் தடவை நிறுத்தோம். தொண்ணூற்றொன்பது தசம் ஆறு. அவர் வாசித்த குரலில் வெற்றி ஒன்றும் இல்லை. கொப்பியில் எழுதி, அடிக்கோடு போட்டார். பிறகு முதலாளியிடம் கையை நீட்டினார்.

"அந்தக் கடிதத்தைத் தாங்கோ சேர்."

"ஏன்? நான் கிழிச்சுப் போடுறன்."

"கிழிக்காதேங்கோ. பின்பக்கம் வெறும் தாள்தானே."

முதலாளி கொடுத்தார். அந்த வெறும் பக்கத்தில் அவர் மூன்று மாதத்தில் எட்டாவதாக விழுந்த நோயாளரின் பெயர்களைக் கொம்பியூட்டரைப் பார்த்து எழுதத் தொடங்கினார். எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். முதல் பெயர் பருத்தித்துறை ஆசிரியை. முதலாளியைக்கொண்டே தொலைபேசி எடுப்பித்தார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது. இருபது வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்ட மனிதர் நின்றபடியே "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்று பதில் சொன்னார்.

ஆசிரியை அடுத்த கிழமை வந்து இரத்தம் கொடுத்தார். அந்தப் பெண் அவருடைய மாதிரியை வேண்டுமென்றே எட்டாவது இடத்தில் வைத்தார். மற்ற ஆய்வுகூடம் சொன்ன முடிவே வந்தது. மாதக் கடைசியில் அந்தப் பெண்ணுக்கு நிரந்தர நியமனம் கிடைத்ததாக முதலாளி எனக்குச் சொன்னார், அது தன்னுடைய யோசனை என்ற மாதிரி.

நான் நடந்ததை வீட்டில் சொன்னபோது மனைவி நெடுநேரம் சிரித்தாள். "ஒரு பொட்டு வைக்கத் தெரியேல்லை. அதுக்குள்ளை முப்பத்தைஞ்சு வருச சேர்விஸ்."

ஆயுத பூசைக்கு மறுபடியும் அழைப்பு வந்தது. போனேன். வாசலில் அந்தப் பெண் ஒரு கோப்போடு நின்றார். புதிய நடைமுறை ஒன்று எழுதியிருந்தார். இலக்கம், திகதி, பக்கம் ஒன்றில் ஒன்று, எல்லாம் முறைப்படி. 'சந்தனம், குங்குமம், திருநீறு ஆகியன இயந்திரத்தின் வெளி மூடியில் மட்டும் இடப்படும். விழா முடிந்ததும் துடைக்கப்படும். விருந்தினர் கையில் கிண்ணம் கொடுக்கப்படமாட்டாது.' கீழே, வாசித்து விளங்கிக்கொண்டவர் ஒப்பமிட ஓர் இடம்.

ஒரு பிழையாவது பிடிக்கலாம் என்று இரண்டு தரம் வாசித்தேன். ஒன்றும் இல்லை.

"ஒரு கையெழுத்துத்தான் சேர்," என்று பேனையை நீட்டினார்.

போட்டுவிட்டு உள்ளே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.